எட்டாம் எண் இல்லாத பட்டியல்

நான்காய் மடித்த தாள் அது. மடிப்பில் கறிபாப்புப் பலகாரத்தின் எண்ணெய் ஊறியிருந்தது. ஆட்டம் தொடங்கக் கால் மணி நேரமே இருந்த வேளையில், ஆற்றங்கரைக் காற்பந்து அணியின் செயலாளர் தனபாலன் அதைக் கம்பிவலையின் இடுக்கு வழியாக என்னிடம் நீட்டினார்.

நான் அந்த அணியின் அறிவிப்பாளர். ஊதியமில்லாத பதவி, ஆயினும் அதைவிடப் பெரிய பதவி அந்நாளில் எனக்கு வேறில்லை. கிள்ளானில் எங்கள் திடலின் படிக்கட்டு உச்சியில், மூன்று பக்கம் பலகையும் ஒரு பக்கம் கம்பிவலையும் அடித்த கூண்டு ஒன்று உண்டு. மாலை வெயிலில் அடுப்பாய்க் காயும். அதற்குள் நின்று, ஆடப்போகும் பதினொருவரின் பெயர்களையும் வாரந்தோறும் ஒலிபெருக்கியில் அறிவிப்பேன். எண், பெயர், பிறகு சிறு இடைவெளி. அந்த இடைவெளியில், கீழே ரசிகர் வரிசையில் நிற்கும் பாலா அண்ணன் தம் உறுமி மேளத்தில் ஒரு முழக்கம் தருவார். எட்டாம் எண்ணுக்கு மட்டும் மூன்று முழக்கம். எவரும் எழுதிவைக்காத, எவரும் மீறாத சட்டம் அது.

எட்டாம் எண் லோகேஸ்வரன். எங்களுக்கு லோகா அண்ணன்.

தாளைப் பிரித்தேன். ஏழு இருந்தது. அதற்கடுத்து ஒன்பது இருந்தது.

“அங்கிள், எட்டு விட்டுப்போச்சு,” என்றேன்.

“விட்டுப்போகல,” என்றார் தனபாலன். “இருக்கறத படிம்மா.”

மாற்று ஆட்டக்காரர்களின் பெயர்களைத் தேடினேன். அங்கும் இல்லை. நிமிர்ந்து திடலைப் பார்த்தேன். கோட்டருகே லோகா அண்ணன் நின்றுகொண்டிருந்தார். குங்குமச் சிவப்புச் சட்டை. இறுக்கிக் கட்டிய பூட்ஸ். ஆட்டத்துக்கு முன் எப்போதும் செய்வதுபோல இடக்கால் நுனியால் புல்லை மெல்லத் தட்டிக்கொண்டிருந்தார். அவரிடம் இன்னும் யாரும் சொல்லவில்லை என்பது அந்தத் தட்டலிலேயே தெரிந்தது.

சொல்லும் வேலையை என் குரலிடம் கொடுத்துவிட்டார்கள்.

நான் வாசித்தேன். தாளில் உள்ளதைத் தடுமாறாமல் வாசி, உன் மனநிலை அவைக்கு வேண்டாதது என்பது மேடைப் பயிற்சியின் முதல் பாடம். ஏழாம் எண்ணைச் சொன்னேன். உறுமி ஒருமுறை முழங்கியது. பாலா அண்ணன் அடுத்த மூன்று முழக்கத்துக்காகக் குச்சியை உயர்த்திவிட்டார். நான் “ஒன்பது” என்றேன். குச்சி உயர்ந்தபடியே நின்றது. அதன்பின் நான் அறிவித்த எந்தப் பெயருக்கும் அது இறங்கவில்லை.

லோகா அண்ணன் கூண்டை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். பிறகு குனிந்து பூட்ஸ் நாடாவை அவிழ்த்தார்.

கொடுமை என்னவென்றால், அன்று நாங்கள் வென்றோம்.

ஒரு வாசகர் கேட்டது

இந்தத் தொடரில் நான் சொற்போரில் வாங்கிய கோப்பைகளைப் பற்றி எழுதினேன். நடுவர்களோடு மோதியதைப் பற்றி எழுதினேன். பல்கலைக்கழக இறுதிச் சுற்றில் தொண்டை கட்டிக்கொண்டபோதும் வென்றதைப் பற்றிச் சற்று அதிகமாகவே எழுதினேன். ஜெஞ்சாரோமிலிருந்து ஒரு வாசகர் இப்போது கேட்டிருக்கிறார்: “காற்பந்துக் கழகக் கூட்டத்தில் நீங்கள் பேசியது இன்னும் என் கைப்பேசியில் இருக்கிறது. என் மகளுக்குப் போட்டுக் காட்டுகிறேன். அதைப் பற்றி மட்டும் ஏன் எழுதவில்லை?”

அந்தக் காணொளியைப் பார்த்தவர்கள் பலர். பிரிக்பீல்ட்ஸில் நான் அறை எடுத்துத் தங்கியிருக்கும் தெருவில், பூக்கடை அக்கா ஒருவர் என்னை நிறுத்தி, மல்லிகை ஒரு முழம் கையில் திணித்து, “நல்லா கேட்டீங்க லா அவங்கள,” என்று பாராட்டியதுண்டு. அந்தப் பூவை நான் வைத்துக்கொள்ளவில்லை. அறைக்குப் போய் மேசைமேல் போட்டேன். மறுநாள் பழுப்பேறிக் கிடந்தது.

வாசகரே, எழுதாததற்கு அடக்கம் காரணமல்ல. அடக்கம் என் குணங்களில் ஒன்று என்று என் பகைவர்கூடச் சொன்னதில்லை.

நாணயம் விழும் பக்கம்

சொற்போர் அறியாதவர்களுக்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தலைப்பை நாங்கள் தேர்ந்தெடுப்பதில்லை. தலைப்புக்கு ஆதரவாகப் பேசுவதா, எதிர்த்துப் பேசுவதா என்பதும் எங்கள் கையில் இல்லை. நாணயம் சுண்டுவார்கள். எந்தப் பக்கம் விழுகிறதோ அந்தப் பக்கம் அடுத்த ஒரு மணி நேரத்துக்கு எங்கள் உயிர்க்கொள்கை.

இடைநிலைப்பள்ளியில் பதினான்கு வயதில் எனக்கு வாய்த்த தலைப்பு, ‘தனிமனிதரைவிட அணியே பெரிது’ என்பது. நாணயம் ஆதரவாக விழுந்தது. நான் பேசினேன். ஒரு விரல் பெரிதா கை பெரிதா என்று கேட்டேன். சிறந்த பேச்சாளர் கோப்பையை வாங்கினேன். பேசியதில் ஒரு வரியைக்கூட நான் நம்பவில்லை. ஏனென்றால் அதற்கு முந்தைய வாரம்தான் லோகா அண்ணனின் அந்தக் கோலைப் பார்த்திருந்தேன்.

ஜெஞ்சாரோம் வாசகர் மன்னிக்க வேண்டும். அது உங்கள் ஊர் அணிக்கு எதிரான அரையிறுதி ஆட்டம். அப்பா என்னை அழைத்துப் போயிருந்தார். இரண்டாம் பாதி தொடங்கியபோதே வானம் உடைந்து கொட்டியது. திடலில் கணுக்கால் அளவு தண்ணீர். உதைத்த பந்து இரண்டடி போய் நின்றுவிடும். ஆட்டக்காரர்கள் பந்தை விட்டுவிட்டுத் தண்ணீரைத்தான் உதைத்துக்கொண்டிருந்தார்கள். அப்பாவின் சட்டைப் பைக்குள் கச்சாங் பூத்தே பொட்டலம் ஊறி, கடலையின் உப்பு வாசம் மழையோடு கலந்து வந்தது.

அப்போது லோகா அண்ணன் ஒரு காரியம் செய்தார். நின்றுபோன பந்தின் அடியில் வலக்காலின் நுனியைக் கொடுத்து அதை மேலே எழுப்பினார். தண்ணீர் சொட்டச் சொட்டப் பந்து அவர் இடுப்பளவு உயர்ந்தது. இறங்கும்போது இடக்காலால் அடித்தார். தரையில் ஓட முடியாத பந்தைக் காற்றில் ஓடவிட்டார். வலை ஆடியபோது அதிலிருந்து ஒரு வாளித் தண்ணீர் சிதறியது. அவ்வளவுதான். நான் அந்த அணியைச் சேர்ந்தவளானேன்.

ஆகவே என் வீட்டு அலமாரியில் ஒரு கோப்பை நிற்கிறது, அணியே பெரிது என்று நிறுவியதற்காக. அதைக் காண நேரும்போதெல்லாம் தனபாலன் என்னைப் பார்த்துச் சிரிப்பதுபோல் இருக்கும்.

சாமான் அறை

அறிவிப்பாளரான இரண்டாம் ஆண்டில் நடந்தது இது.

கூண்டுக்குக் கீழே, படிக்கட்டின் வயிற்றில், ஒலிபெருக்கியும் கொடிகளும் பழைய வலைகளும் போட்டுவைக்கும் அறை ஒன்றுண்டு. பயிற்சி முடிந்த ஒரு மாலையில் மைக்கின் கம்பியைத் தேடி அங்கே போனேன். கவிழ்த்துப் போட்ட பந்துக்கூடைமேல் லோகா அண்ணன் உட்கார்ந்திருந்தார். வலது முழங்காலில் ஐஸ் கட்டிகள். பக்கத்துக் கடையில் தே ஐஸ் என்ற குளிர்ந்த தேநீரை ஊற்றிக் கட்டித் தரும் அதே பிளாஸ்டிக் பையில் அவற்றைப் போட்டு, சிவப்பு நாரால் கட்டியிருந்தார். முழங்கால் இளநீர்க் காய்போல வீங்கியிருந்தது. அறையெங்கும் தைல வாடை.

அவர் துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர். காலை முழுவதும் அந்தக் காலால் மிதித்துவிட்டு, மாலையில் அதே காலை ஊன்றித்தான் இடக்காலால் எங்களுக்கு கோல் அடித்துக்கொண்டிருந்தார். மருத்துவர் என்ன சொன்னார் என்று கேட்டேன்.

“டாக்டர் எப்பவும் ஒன்னுதான் சொல்வாரு, ரெஸ்ட்டு,” என்றார். “ரெஸ்ட்டு எடுத்தா அப்புறம் யாரு கூப்பிடுவா?”

எழுந்து, வலியை மறைத்து நாலடி நடந்து காட்டினார். கதவருகே நின்று திரும்பினார்.

“மதி, நீ பாத்தது இந்த ரூமோட இருக்கட்டும். யாருக்கும் தெரியாது. வாயே இல்லாத ஆளுகிட்ட மாட்டியிருக்கணும். வாயி மட்டும் இருக்கற ஆளுகிட்ட மாட்டிக்கிட்டேன்லா.”

இருவரும் சிரித்தோம். நான் சத்தியம் செய்தேன். ஓராண்டுக்கும் மேல் அதைக் காப்பாற்றினேன். என்னைப் போன்றவர்களுக்கு அது எத்தகைய தவம் என்பதைப் பேச்சாளர்கள் அறிவார்கள்.

பதாகையில் இருந்த முகம்

அந்தப் பட்டியலை வாசித்த நாளுக்குத் திரும்புகிறேன்.

ஆட்டம் முடிந்ததும் பாலா அண்ணன் உறுமியைத் தோளில் மாட்டியபடி கூண்டுக்கு ஏறி வந்தார். முகத்தைப் பார்த்தே நான் தற்காப்புக்குத் தயாரானேன்.

“ஒன்னுமே நடக்காத மாதிரி படிக்கறியே,” என்றார். “மைக்க ஆஃப் பண்ணிருக்கலாம்ல?”

தாளில் இருந்ததைத்தானே வாசித்தேன் என்றேன். அது விடையாகாது என்பது எனக்கே தெரிந்தது. அவர் உறுமியோடு இறங்கிப் போனார். அன்றிரவு முழுவதும் என் கோபம் கொதித்துக்கொண்டிருந்தது. அதில் ஒரு பங்கு என்மேல் எனக்கிருந்த கோபம். அதையும் செயலவையின் தலையிலேயே போட்டுக்கொண்டேன்.

போடுவதற்கு அங்கே இடமும் இருந்தது. ஓர் ஆட்டக்காரர் ஓர் அணிக்குத் தம் இளமையைக் கொடுத்திருக்கிறார். அவரை நீக்க வேண்டுமா? நீக்குங்கள். பயிற்றுநர் புதியவர், கணக்கு புதியது, கால்கள் புதியன வேண்டும் என்றால் அதற்கும் ஒரு முறை உண்டு. உட்கார வைத்து, கண்ணைப் பார்த்து, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தொலைபேசியிலாவது சொல்லியிருக்கலாம். பூட்ஸ் கட்ட விட்டுவிட்டு ஒலிபெருக்கியில் சொன்னார்கள்.

அதைவிடக் கசப்பான ஒன்றும் இருந்தது. திடலின் வாசலில் அந்தப் பருவத்துக்கான பெரிய பதாகை தொங்கியது. அதன் நடுவில் லோகா அண்ணனின் முகம். ஆளை எடுத்தவர்கள் முகத்தை எடுக்கவில்லை. அந்த முகத்தைக் காட்டித்தான் அதன்பின்னும் பல வாரங்கள் சட்டை விற்றார்கள். நாங்கள் அதன் கீழே நுழைந்து, அவர் இல்லாத ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, அதன் கீழேயே வெளியேறினோம்.

எங்கள் கழகத்தின் விதிகளில் ஒன்று எனக்குத் தெரியும். உறுப்பினர்கள் போதுமான கையெழுத்துத் திரட்டினால் செயலவை சிறப்புக் கூட்டம் கூட்டியே ஆக வேண்டும். கூட்டத்தில் பெரும்பான்மைக் கைகள் உயர்ந்தால் செயலவை பணிந்தே ஆக வேண்டும். லோகேஸ்வரனை மீண்டும் அணியில் சேர்க்க வேண்டும் என்று ஒரு தீர்மானம் எழுதினேன். கையெழுத்துத் தாளோடு அலைந்தேன். கோலாலம்பூரில் வேலை பார்க்கும் கிள்ளான்காரர்களை மாலை ரயிலில் பெட்டி பெட்டியாகத் தேடினேன். தூங்கிக்கொண்டிருந்தவர்களையும் எழுப்பினேன். பாலா அண்ணன் முதல் கையெழுத்துப் போட்டார். எனக்கும் அவருக்கும் சமாதானமும் ஆயிற்று.

லோகா அண்ணனுக்குச் செய்தி போனது. அழைத்தார்.

“கூட்டமெல்லாம் வேணாம் மதி. அம்பாங்ல ஒரு டீம் கேட்டிருக்காங்க. ரெண்டு சீசன் ஆடலாம், அப்புறம் அவங்க சின்ன பசங்களுக்குக் கோச்சிங். கூட்டம் முடிஞ்சி அடுத்த வாரம் செலக்‌ஷன். இப்போ சத்தம் போட்டா அது கெட்டுப்போயிரும்.”

“உங்களுக்காக மட்டும் இல்லண்ணே,” என்றேன். “இது நியாயத்துக்காக.”

அந்தப் பக்கம் ஃபோர்க்லிஃப்ட் பின்னால் நகரும் எச்சரிக்கை ஒலி கேட்டது. பிறகு அவர் சிரித்தார்.

“நியாயத்துக்கு முட்டி வலிக்காதுல்ல.”

தாம் வரப்போவதில்லை என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டார். அதை நான் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டேன். அது ஒரு வேண்டுகோள் என்பது எனக்கு உறைக்கவில்லை. உறைக்க நான் விடவில்லை என்பதே சரியான வாக்கியம்.

முந்தி உடைத்தல்

எங்கள் பல்கலைக்கழகச் சொற்போர்க் குழுவுக்கு ஒரு வழக்கம் உண்டு. போட்டிக்கு முந்தைய மாலை, நாங்கள் பேசப்போவதை எழுதுவதற்கு முன், எதிரணி பேசப்போவதை எழுதுவோம். சிவப்புத் தாளில். எதிரணியின் மிக வலிய வாதம் எது? அதை அவர்கள் சொல்வதற்கு முன் நம் முதல் பேச்சாளரே சொல்லிவிட வேண்டும். சொல்லி, ஒப்புக்கொண்டு, உடைத்துவிட வேண்டும். எதிரணி எழும்போது அவர்கள் கையில் ஒடிந்த வாள்தான் இருக்கும். இதற்கு நாங்கள் வைத்திருந்த பெயர் முந்தி உடைத்தல். இந்த முறையால் நாங்கள் வென்ற போட்டிகளை இத்தொடரிலேயே நான் பட்டியலிட்டிருக்கிறேன்.

கூட்டத்துக்கு முந்தைய நாள் என் அறையில் சிவப்புத் தாளை எடுத்து வைத்தேன். எதிரணி தனபாலன். அவர் கையில் உள்ள வலிய வாதம் எது? வயது? உடைக்கலாம். வேகம்? சிரித்தே உடைக்கலாம். மூன்றாவதாக நான் எழுதினேன்: முழங்கால்.

என் தருக்கம் இப்படி ஓடியது. காரணமில்லாமல் இப்படி ஒருவரை நீக்குவார்களா? எப்படியோ முழங்கால் செய்தி அவர்களுக்கு எட்டியிருக்கிறது. கூட்டத்தில் கடைசி நேரத்தில் அதை வீசுவார்கள். ஆகவே நான் முந்த வேண்டும். சத்தியம் செய்தது நினைவிருந்தது. எதிரிக்குத் தெரிந்துவிட்ட இரகசியம் இரகசியமல்ல என்று அதையும் உடைத்தேன். மறுபக்கம் பேச அந்த அறையில் வேறு யாரும் இல்லை.

கூட்டம் ஞாயிறு காலையில். கிள்ளான் லிட்டில் இந்தியாவில் ஒரு துணிக்கடையின் மாடி மண்டபம். நீல பிளாஸ்டிக் நாற்காலிகள், நாசி லெமாக் சோற்றுப் பொட்டலங்கள், கீழேயிருந்து ஏறிவரும் பூமாலை வாசமும் புதுத்துணி வாசமும். பலர் குங்குமச் சிவப்புச் சட்டையில் வந்திருந்தார்கள். பாலா அண்ணன் உறுமியையே கொண்டுவந்துவிட்டார். ஒருவர் முன்வரிசையில் நின்று கைப்பேசியில் படம்பிடித்தார்.

தீர்மானத்தைக் கொண்டுவந்தவள் என்பதால் நானே முதலில் பேசினேன். மழையில் அடித்த கோலிலிருந்து தொடங்கினேன். பூட்ஸ் நாடாவை அவிழ்த்ததைச் சொன்னபோது மண்டபத்தில் பொட்டலம் பிரித்துக்கொண்டிருந்தவர்கள் கையை எடுத்தார்கள். பதாகையைச் சொன்னபோது தனபாலன் தலை குனிந்தார். அங்கேயே நான் உட்கார்ந்திருந்தால், வாசகரே, தீர்மானம் நிறைவேறியிருக்கும். நான் உட்காரவில்லை. சிவப்புத் தாளில் இன்னும் ஒரு வரி இருந்தது.

“செயலவை அடுத்து என்ன சொல்லும்? லோகேஸ்வரனின் வலது முழங்கால் பழுதுபட்டது என்று சொல்லும். ஆம், பழுதுபட்டதுதான். ஓராண்டுக்கு மேலாகப் பழுதுபட்டது. ஆட்டம் முடிந்த ஒவ்வொரு மாலையும் இருட்டறையில் ஐஸ் கட்டியைக் கட்டிக்கொண்டு, உங்களிடம் சொல்லாமல், உங்களுக்காக ஓடினாரே, அந்த முழங்காலையா குற்றம் சொல்கிறீர்கள்? பழுதுபட்டது அவர் முழங்கால் அல்ல, உங்கள் நன்றி!”

மண்டபம் எழுந்தது. கைதட்டல் கூரையில் மோதியது. உறுமி மூன்று முறை முழங்கியது. நான் அந்த ஒலிக்காகவே பிறந்தவள்போல் நின்றிருந்தேன். பிறகு முடிவுரையையும் சொல்லி அமர்ந்தேன்.

தனபாலன் எழுந்தார். அவர் பேச்சாளர் அல்லர். சட்டைப் பையில் வைத்திருந்த குறிப்பை எடுத்துப் பார்த்தார், மறுபடியும் பைக்குள் வைத்தார்.

“கோச்சு ஓட்டம் பத்தலன்னு சொன்னாரு, எடுத்தோம். முன்கூட்டிச் சொல்லாதது எங்க தப்பு, அதுக்கு மன்னிப்புக் கேக்கத்தான் எழுதிக்கிட்டு வந்தேன்.” என் பக்கம் திரும்பினார். “ஆனா இந்த முட்டி விஷயம் எங்க யாருக்கும் தெரியாது. இப்பதான் தெரியும். நன்றி மதி.”

அந்த ‘நன்றி’யில் ஏளனம் இருந்ததா என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை. இல்லாதிருந்தால் அது இன்னும் கொடியது.

பின்வரிசையிலிருந்து ஒருவர், அப்படியானால் ஓராண்டு நம்மிடம் மறைத்தாரா என்று கேட்டார். மற்றொருவர், போன ஆண்டு அரையிறுதியில் அவர் தவறவிட்ட பந்து இப்போதுதான் புரிகிறது என்றார். சற்றுமுன் எழுந்து நின்று கைதட்டியவர்கள் அவர்கள். பழுதான காலோடு ஒருவரைத் திரும்பச் சேர்த்து அவர் திடலில் விழுந்தால் யார் பொறுப்பு என்று தனபாலன் கேட்டார். அது நேர்மையான கேள்வி. கைகளை உயர்த்தச் சொன்னபோது பாலா அண்ணனின் கை முழுவதுமாக உயர்ந்தது. என் கை உயர்ந்தது. இன்னும் சில கைகள் காது வரை வந்து, தலையைச் சொறிந்துவிட்டு இறங்கின.

மூன்று பகுதி மன்னிப்பு

இனி எழுதப்போவதை எழுதவே இந்த அத்தியாயம்.

அன்று நண்பகலில், தோற்ற கையோடு, அந்தக் காணொளியை எனக்கு ஒருவர் அனுப்பினார். கீழ்த்தளத்துக் கடையில் உட்கார்ந்து, என் பகுதியை மட்டும் பார்த்தேன். குரல் நன்றாக இருந்தது. நிறுத்தங்கள் சரியான இடத்தில் விழுந்தன. கைதட்டல் வந்ததும் கைப்பேசியை வைத்துவிட்டு ஒரு வாய் தே குடித்தேன். பிறகு கைதட்டலோடு முடியும்படி வெட்டி, எங்கள் சொற்போர்ப் புலனக் (வாட்ஸ்அப்) குழுவுக்கு நானே அனுப்பினேன். மேலே ஒரு வரியும் எழுதினேன்: தோற்ற வழக்கு, வென்ற பேச்சு.

அது குழுவிலிருந்து குழுவுக்குப் போயிற்று. செவ்வாய்க்கிழமை அம்பாங்கை அடைந்தது.

துறைமுகத்துக்குப் போனேன். கிள்ளானைத் தாண்டிப் போகும் அந்த ரயில் பயணத்தில் மன்னிப்பை மனத்துக்குள் அமைத்துக்கொண்டேன். முதலில் தவற்றை ஏற்பது, அடுத்து நோக்கத்தை விளக்குவது, இறுதியில் பரிகாரம். வேலை மாறும் நேரத்தில் லாரிகள் புழுதி கிளப்பும் சாலையோரக் கடையில் லோகா அண்ணன் இருந்தார். எனக்கும் சேர்த்து ஒரு தே சொன்னார். நான் தொடங்கினேன். இரண்டாம் பகுதிக்கு வரும்போது கையை உயர்த்தினார்.

“மன்னிப்பையும் மூனு பாயிண்டா பிரிச்சிக்கிட்டு வந்திருக்க.”

வாழ்வில் முதன்முறையாக எனக்கு அடுத்த வாக்கியம் வரவில்லை.

அம்பாங் அணி என்ன சொன்னது என்று பிறகு கேட்டேன்.

“ஸ்கேன் எடுத்துட்டு வாங்கன்னாங்க. எடுத்தா தெரிஞ்சிரும். எடுக்கலன்னா மறைக்கறேன்னு தெரிஞ்சிரும். செலக்‌ஷனுக்கே போகல.” தேநீர்க் கோப்பையை நகர்த்தி, முழங்காலை நீட்டி, மேசைக்கடியில் வைத்துக்கொண்டார். “நீ நல்லா பேசுன மதி. இங்க கூட வேல செய்யற பசங்க எல்லாரும் சொல்றாங்க. ‘உன் முட்டிக்கு ஒரு பொண்ணு என்னமா பேசுது பாஸ்’ன்னு.”

அதில் குத்தல் இல்லை. அவர் அப்படிப்பட்டவர் அல்லர். குத்தியிருந்தால் நான் எதிர்வாதம் செய்திருப்பேன்.

அடுத்த பருவத்தில் தனபாலன் அழைத்தார். பட்டியல் வாசிக்க வருகிறாயா என்றார். எட்டாம் எண்ணை யாருக்குக் கொடுத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். பெயரைச் சொன்னார். நல்ல ஆட்டக்காரர்தான். நான் போகவில்லை. கூண்டில் இப்போது வேறொரு குரல் ஒலிக்கிறது. எட்டாம் எண்ணுக்கும் ஒரே முழக்கம்தான் தருகிறேன் என்று பாலா அண்ணன் சொன்னார். அதை ஆறுதலாகச் சொன்னாரா, குற்றச்சாட்டாகச் சொன்னாரா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. அந்த அணியை நான் மன்னிக்கவில்லை. பூட்ஸ் கட்டியவரிடம் ஒலிபெருக்கி வழியே சொன்னதை மன்னிப்பதற்கில்லை. ஆனால் அவர்கள் அவரை ஓர் அணியிலிருந்துதான் நீக்கினார்கள்.

ஜெஞ்சாரோம் வாசகரே, உங்கள் கைப்பேசியில் இருப்பது நான் வெட்டியது. முழுக் காணொளி என்னிடம் இருக்கிறது. பல மாதங்கள் கழித்துத்தான் அதை முழுவதுமாகப் பார்த்தேன். நான் கைதட்டலில் வெட்டிய இடத்துக்குப் பின், படம்பிடித்தவர் எழுந்து நின்ற கூட்டத்தைக் காட்டக் கைப்பேசியைச் சுழற்றுகிறார். எல்லோரும் மேடையைப் பார்த்து நிற்கிறார்கள். கடைசி வரிசையில், கதவோரம், வரமாட்டேன் என்று சொன்னவர் உட்கார்ந்திருக்கிறார். குங்குமச் சிவப்புச் சட்டை போட்டிருக்கிறார். உறுமி மூன்று முறை முழங்குகிறது, அவருக்காக. அவர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு, வலக்காலை மடக்காமல், மெல்ல எழுகிறார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. கதவு திறந்து மூடுகிறது.

கைப்பேசி மீண்டும் மேடைக்குத் திரும்புகிறது. அங்கே நான் கையை உயர்த்தி அவையை அமைதிப்படுத்திவிட்டு, “ஆகவே,” என்று தொடர்கிறேன்.